137 கிலோஹெர்ட்ஸில் கோடு ஏன் வளைகிறது? தாழ் அதிர்வெண் கேட்பவர்களுக்கான கேள்வி பதில்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் ஹாம் வானொலியில் நாட்டம் கொண்ட சிலர், தாழ் அதிர்வெண் பக்கம் திரும்பிய பிறகு என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பலவாக இருந்தாலும் ஏறக்குறைய எல்லாமே ஓர் இடத்தில்தான் வந்து முட்டின: அதிர்வெண்ணைக் குறுக்கிலும் நேரத்தை நெடுக்கிலும் வரைந்து காட்டும் கணினித் திரையில், நேராக நிற்க வேண்டிய சமிக்ஞைக் கோடு ஏன் வளைந்து நெளிகிறது, அதை எப்படி நிறுத்துவது? பதில்களை என் வீட்டு மேசையில் செய்து பார்த்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். ஆகவே சில பதில்கள் நீளும். சில இரண்டு வரியில் முடிந்துவிடும்.

தாழ் அதிர்வெண் என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறீர்கள்?

முதன்மையாக 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள, 2200 மீட்டர் என்று அழைக்கப்படும் பட்டையைத்தான். 2007-ஆம் ஆண்டு நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் இது அமெச்சூர் சேவைக்கு இரண்டாம் நிலை உரிமையில் ஒதுக்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டு மாநாட்டில் 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள 630 மீட்டர் பட்டையும் வந்து சேர்ந்தது. கணக்குப்படி அது நடு அதிர்வெண் என்றாலும், கேட்கும் முறையும் அதில் எழும் சிக்கல்களும் ஒன்றே என்பதால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். இது கேட்பதைப் பற்றிய பக்கம் மட்டுமே. அனுப்ப நினைப்பவர்கள், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் தங்களுக்கு வழங்கிய உரிமத்தில் எந்தப் பட்டைகள் உள்ளன என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிர்வெண்ணே இவ்வளவு சிறியது. அதில் நகர்வு எப்படிப் பெரிய பிரச்சினையாகும்?

சமிக்ஞை மிகவும் பலவீனமானது என்பதுதான் காரணம். 137 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 2190 மீட்டர். வீட்டு வளாகத்தில் கட்டக்கூடிய எந்த ஆண்டெனாவும் அதன் பக்கத்தில் ஒரு குண்டூசிதான். அனுப்புபவர் பல நூறு வாட் ஊட்டினாலும் ஆண்டெனாவிலிருந்து உண்மையில் வெளியேறுவது ஒரு வாட் அல்லது அதற்கும் குறைவு. பன்னாட்டு விதியின் உச்சவரம்பும் இந்தப் பட்டையில் ஒரு வாட்தான். அந்தச் சிறு ஆற்றல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, நம் ஊர் இடி இரைச்சலுக்கு நடுவே வந்து சேர வேண்டும்.

இரைச்சலைக் குறைக்க ஒரே வழி, கேட்கும் பட்டையகலத்தைக் குறுக்குவது. பட்டையகலம் குறுகக் குறுக, ஒரு குறியைக் கேட்டு முடிக்க ஆகும் நேரம் நீளும். கியூஆர்எஸ்எஸ்3 என்ற மெதுவான மோர்ஸ் முறையில் ஒரு புள்ளி மூன்று விநாடி நீடிக்கும். அதற்குத் தேவையான பட்டையகலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு ஹெர்ட்ஸ். கியூஆர்எஸ்எஸ்60 முறையில் ஒரு புள்ளிக்கு முழுதாக ஒரு நிமிடம் ஆகும், பட்டையகலம் 0.017 ஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடும். அந்த ஒரு நிமிடத்திற்குள் உங்கள் ரிசீவர் ஒரு ஹெர்ட்ஸ் நகர்ந்தால், சமிக்ஞையின் ஆற்றல் 0.017 ஹெர்ட்ஸ் அகலமுள்ள அறுபது பெட்டிகளில் சிதறி, எந்தப் பெட்டியிலும் இரைச்சலை மீறி எழாமல் போய்விடும். சமிக்ஞை வந்தது, ஆனால் நீங்கள் பார்க்கவில்லை. குரல் கேட்கும் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு ஹெர்ட்ஸ் நகர்வை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்; இங்கே அது எல்லாவற்றையும் அழித்துவிடும்.

கணினி முறைகளிலும் இதே கதைதான். 2008-இல் வெளிவந்த விஸ்பர் (WSPR) என்ற பலவீனச் சமிக்ஞை முறையில் ஓர் அனுப்புதல் ஏறக்குறைய 110 விநாடி நீடிக்கிறது. தொனிகளுக்கு இடையிலான இடைவெளி 1.46 ஹெர்ட்ஸ். அந்த இரண்டு நிமிடத்திற்குள் 4 ஹெர்ட்ஸ் வரை ஒரே சீராக நகர்ந்தாலும் அதன் மென்பொருள் தேடிப் பிடித்துவிடும். 2021-இல் வந்த எஃப்எஸ்டி4டபிள்யூ (FST4W) முறையில் 1800 விநாடி வகையை எடுத்துக்கொண்டால், தொனி இடைவெளி வெறும் 0.089 ஹெர்ட்ஸ். அதே முறையின் 120 விநாடி வகையைவிட இது 12 டெசிபெல் பலவீனமான சமிக்ஞையையும் பிடிக்கும். அதாவது பதினாறில் ஒரு பங்கு ஆற்றல் போதும். ஆனால் அரை மணி நேரமும் ரிசீவர் அசையாமல் நின்றால்தான் அந்த ஆதாயம் கைக்கு வரும்.

என் ரிசீவரின் பெட்டியில் 1 பிபிஎம் என்று போட்டிருக்கிறது. அது போதுமா?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். பிபிஎம் என்பது ஒரு மில்லியனில் ஒரு பங்கு. எதில் ஒரு பங்கு என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

137 கிலோஹெர்ட்ஸை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றாமல் நேரடியாக மாதிரி எடுத்து எண்ணாக்கும் ரிசீவரில் 1 பிபிஎம் பிழை என்பது 0.137 ஹெர்ட்ஸ் மட்டுமே. அதே சமிக்ஞையை 125 மெகாஹெர்ட்ஸ் மேலே தூக்கும் அப்-கன்வர்ட்டரை, கணினியில் செருகும் மலிவான ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளின் முன்னால் மாட்டியிருந்தால், கன்வர்ட்டரின் 125 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றியில் (அலையை உருவாக்கும் சுற்றில்) 1 பிபிஎம் பிழை என்பது 125 ஹெர்ட்ஸ். டாங்கிளுக்குள் இருக்கும் 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் (படிகம்) இன்னொரு 1 பிபிஎம் தவறினால், அதுவும் 125 மெகாஹெர்ட்ஸ் அளவில்தான் வந்து விழும். கேட்பது 137 கிலோஹெர்ட்ஸாக இருந்தாலும், நகர்வைத் தீர்மானிப்பது உங்கள் சங்கிலியில் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஓடும் அலையியற்றிதான். நான் சொல்ல விரும்பும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நல்ல விதிவிலக்கும் உண்டு. கன்வர்ட்டரும் டாங்கிளும் ஒரே கடிகாரத்திலிருந்து ஓடினால், மேலே தூக்கும்போது சேர்ந்த பிழை கீழே இறக்கும்போது கழிந்துவிடும். மிஞ்சுவது 137 கிலோஹெர்ட்ஸ் அளவிலான பிழை மட்டுமே. 28.8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தையே தன் உள் கன்வர்ட்டருக்கும் பகிர்ந்துகொள்ளும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி4 இந்த வகை. எல்லா அலையியற்றிகளையும் ஒரே மூலப் படிகத்திலிருந்து பெறும் மேசை ரிசீவர்களும் அப்படியே. அவை சமிக்ஞையை முதலில் மாற்றும் இடை அதிர்வெண் 70 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருந்தாலும் பிழை கழிந்துவிடும். பிஎஃப்ஓ-வுக்கு (சமிக்ஞையைக் கடைசியில் ஒலியாக்கும் அலையியற்றிக்கு) தனிக் கிரிஸ்டல் வைத்திருக்கும் பழைய ரிசீவர்களில் அந்தக் கழிவு முழுதாக நடக்காது.

ஆகவே, புதிதாக வாங்கப் போகிறவருக்கு என் கருத்து: விலை உயர்ந்த கன்வர்ட்டரைத் தேடுவதைவிட, தாழ் அதிர்வெண்ணை நேரடியாக மாதிரி எடுக்கும் ரிசீவரைத் தேடுவது நல்லது.

துல்லியமும் நிலைத்தன்மையும் ஒன்றுதானே?

இல்லை. தோட்டத்தில் ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு தராசு எப்போதும் கால் கிலோ கூடுதலாகவே காட்டுகிறது என்றால், கணக்கெழுதும் கிராணி அதைக் கழித்துவிட்டுச் சரியான கணக்கை எழுதிவிடலாம். காலையில் கால் கிலோ கூடுதலாகவும் பத்து மணிக்கு கால் கிலோ குறைவாகவும் காட்டும் தராசை வைத்துக்கொண்டு எவராலும் கணக்கெழுத முடியாது. முதல் தராசில் இருப்பது துல்லியக் குறை. இரண்டாவதில் இருப்பது நிலைத்தன்மைக் குறை. தாழ் அதிர்வெண் கேட்பவருக்கு ரிசீவர் 3 ஹெர்ட்ஸ் தள்ளியே நின்றாலும் பாதகமில்லை, தள்ளிய இடத்திலேயே நின்றால் போதும். மென்பொருளில் ஓர் எண்ணைத் திருத்தினால் வேலை முடிந்தது. கடைக்காரர்கள் விளம்பரப்படுத்தும் பிபிஎம் எண் பெரும்பாலும் முதல் வகையைத்தான் சொல்கிறது. நமக்குத் தேவையானது இரண்டாவது.

நகர்வு எதனால் ஏற்படுகிறது? எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்தில் ஒன்பது முறை வெப்பம்தான். மின்னழுத்த ஏற்ற இறக்கமும் படிகம் முதிர்ச்சியடைவதும் அடுத்து வருபவை; முதிர்ச்சி மாதக் கணக்கில் நடப்பதால் ஓர் இரவுக் கேட்பில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தொடக்கத்தில் என்னிடம் இருந்தது மேலே சொன்ன கன்வர்ட்டரும் டாங்கிளும்தான். ஓர் இரவு, சோதனைக்காக நானே உள்ளே செலுத்திய ஒரு நிலையான சமிக்ஞையின் கோடு, ரம்பத்தின் பற்களைப் போலத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது நிமிடம் மெல்ல மெல்ல வலப்பக்கம் சாயும். பிறகு நாலைந்து நிமிடத்தில் சரேலென்று இடப்பக்கம் திரும்பும். மொத்த ஊசலாட்டம் ஏழெட்டு ஹெர்ட்ஸ் இருக்கும். கம்பிகளைப் பிடுங்கி மாட்டினேன், மென்பொருளை மாற்றினேன், பற்கள் அசையவில்லை. கடைசியில் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தபோதுதான், கோடு திரும்பும் ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்னர் பக்கத்து அறையில் ஏர்கோன் கம்ப்ரசர் ‘டக்’ என்று உயிர்பெறுவது காதில் விழுந்தது. கன்வர்ட்டர் இருந்த தட்டு, படுக்கையறையின் பலகைச் சுவரில் அறைந்திருந்தது. அதிகாலை இரண்டு மணிக்கு ஏர்கோனை அடைத்தேன். அரை மணியில் கோடு நேராகிவிட்டது. இல்லத்தரசி வியர்த்து எழுந்து என்ன சொன்னார் என்பது இந்தப் பக்கத்திற்குத் தேவையில்லாத செய்தி.

இதிலிருந்து கிடைக்கும் முறை எளிமையானது. நகர்வின் வடிவத்தைப் பாருங்கள். ரம்பப் பல்லாக இருந்தால் தானாக ஓடி நிற்கும் ஏதோ ஓர் இயந்திரம். குளிர்பதனப் பெட்டியாகவும் இருக்கலாம். மாலை முதல் விடியும்வரை ஒரே திசையில் சரிந்தால், பகலில் 33 பாகையைத் தொட்டு விடியற்காலையில் 24-க்கு இறங்கும் நம் ஊர்க் காற்று. ரிசீவரைத் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் வேகமாக நகர்ந்து பிறகு அடங்கினால், கருவி தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. திடீரென்று ஒரு படி ஏறி அங்கேயே நின்றால் மின்னழுத்தத்தைச் சந்தேகியுங்கள். எந்த அலையியற்றி குற்றவாளி என்று தெரியவில்லையென்றால், ஒவ்வொன்றின் படிகத்தின் மேலும் ஒரு நிமிடம் விரல் நுனியை வைத்து எடுங்கள். கோடு எப்போது துள்ளுகிறதோ, அதுதான்.

காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்?

நிறையவே செய்யலாம், கடைக்குப் போவதற்கு முன் இவற்றைச் செய்து முடிப்பதே முறை.

முதலாவது, கருவியை அணைக்காதீர்கள். இருபத்து நான்கு மணி நேரமும் 5 வாட் எடுத்துக்கொள்ளும் ரிசீவருக்கு மாதம் 3.6 யூனிட் மின்சாரம்தான் ஆகும். எப்போதும் ஓடும் கருவி எப்போதும் ஒரே சூட்டில் இருக்கும்.

இரண்டாவது, இடத்தை மாற்றுங்கள். ஜன்னலோரம், மின்விசிறியின் நேர்க்காற்று, தகரக் கூரைக்கு நெருக்கமான உயரத் தட்டு, மேற்கு வெயில் படும் சுவர் ஆகிய நான்கும் கூடாது. சிமெண்டுத் தரையில், அறையின் நடுப்பக்கம், மேசைக்குக் கீழே வைப்பதுபோல் நிலையான இடம் வீட்டில் வேறு கிடையாது. எறும்பு கூடு கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; வெதுவெதுப்பான பெட்டி என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

மூன்றாவது, மீன் பெட்டி. பாசாரில் மீன்காரர் தூக்கிப்போடும் வெள்ளைப் போலிஸ்திரின் பெட்டியைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரிசீவரை அப்படியே உள்ளே வைத்து மூடிவிடக் கூடாது. டாங்கிள் தன் சூட்டிலேயே வெந்துவிடும், வெந்துபோன படிகம் நிலையாக இருக்காது. பெட்டிக்குள் போக வேண்டியது அலையியற்றி மட்டும். அதை முதலில் ஒரு மைலோ டின்னுக்குள் வைத்து, டின்னைச் சுற்றி இரண்டு மூன்று கனமான இரும்புத் துண்டுகளையோ தண்ணீர் நிரப்பி இறுக மூடிய போத்தல்களையோ அடுக்கினால், வெளிக்காற்று பத்து நிமிடத்தில் மாறுவது உள்ளே பல மணி நேரத்தில்தான் எட்டும். காப்பு வெப்பத்தை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது. அரை மணி நேரச் சமிக்ஞையைப் பிடிக்க அந்தத் தாமதம் போதும். ஈரத்தைக் குடிக்க ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் போட்டுவிடுங்கள்.

அலையியற்றியைத் தனியே பிரிக்க முடியாத டாங்கிள் என்றால், தடித்த அலுமினியத் தகட்டில் அதை இறுக்கி, தகட்டின் ஒரு பக்கம் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்தால் சூடு வெளியேற வழி கிடைக்கும்.

படிகத்தைச் சூடாக்கி வைத்தால் நிலையாக இருக்கும் என்கிறார்களே?

உண்மைதான். சுற்றுப்புறத்தைவிட உயர்ந்த ஒரு வெப்பநிலையில் படிகத்தைப் பிடித்து வைத்தால், வெளியே என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. ஓசிஎக்ஸ்ஓ எனப்படும் அடுப்புப் படிக அலையியற்றியின் தத்துவம் இதுவே.

ஆனால் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர்கள் வீட்டு அறை 20 பாகையில் இருப்பதால் 40 பாகைச் சூடேற்றி அவர்களுக்குப் போதும். நம் தோட்ட வீட்டின் தகரக் கூரைக்குக் கீழ், பிற்பகல் இரண்டு மணிக்கு, மின்சாரம் ஓடும் ஒரு மூடிய பெட்டிக்குள் 40 பாகை என்பது இயல்பான வெப்பம். அந்த நேரத்தில் சூடேற்றி தானே அணைந்துவிடும்; அடுப்பு இருந்தும் இல்லாததற்குச் சமம். சூடேற்றியால் வெப்பத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. ஆகவே, உங்கள் பெட்டி அடையக்கூடிய உச்ச வெப்பத்தைவிடக் குறைந்தது பதினைந்து இருபது பாகை மேலே அடுப்பின் அளவை வைக்க வேண்டும். நானாக ஒன்று செய்தபோது 60 பாகையை எட்டியதும் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் பிடிசி தெர்மிஸ்டரைப் படிகத்தின் உறையோடு சேர்த்துக் கட்டினேன். அது ஆண்டு முழுவதும் பிடித்து நின்றது. தொழிற்சாலை ஓசிஎக்ஸ்ஓ-க்கள் பெரும்பாலும் இதைவிடவும் உயர்ந்த வெப்பத்தில் இயங்குவதால் நம் ஊர் வெயில் அவற்றை ஒன்றும் செய்வதில்லை.

டிசிஎக்ஸ்ஓ (வெப்ப மாற்றத்தைத் தானே ஈடுசெய்யும் படிக அலையியற்றி) மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாதா?

நேரடியாக மாதிரி எடுக்கும் ரிசீவரில் தாராளமாக முடியும். காப்புக்குள் இருக்கும் நல்ல டிசிஎக்ஸ்ஓ அரை மணியில் 0.05 பிபிஎம் நகர்ந்தது என்று வைத்துக்கொண்டால், 137 கிலோஹெர்ட்ஸில் அது 0.007 ஹெர்ட்ஸ், எஃப்எஸ்டி4டபிள்யூவின் 1800 விநாடி வகைக்கே அது போதும். அதே 0.05 பிபிஎம், தனிக் கடிகாரத்தில் ஓடும் 125 மெகாஹெர்ட்ஸ் கன்வர்ட்டரில் 6 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும். அங்கே ஒரு விஸ்பர் சுழற்சியில் தப்பித்தாலும் நீண்ட முறைகளில் எதுவும் தேறாது.

ஜிபிஎஸ்டிஓ (ஜிபிஎஸ் திருத்தும் அலையியற்றி) வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

பெரும்பாலும் தீர்ந்துவிடும், சரியாகப் பொருத்தினால். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. தரையிலுள்ள ஜிபிஎஸ் ரிசீவர் விநாடிக்கு ஒரு துடிப்பைத் தருகிறது. அந்தத் துடிப்பு ஒவ்வொன்றும் சில பத்து நானோவிநாடி முன்பின் தள்ளாடும்; ஆயிரம் விநாடி இடைவெளியில் அளந்தால், அந்தத் தள்ளாட்டத்தால் வரும் அதிர்வெண் பிழை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஜிபிஎஸ்டிஓ செய்வது இதைத்தான்: குறுகிய நேரத்திற்கு உள்ளே உள்ள படிகத்தை நம்புகிறது, நெடுநேரத்திற்குச் செயற்கைக்கோளை நம்பிப் படிகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே உள்ளே இருக்கும் படிகம் மட்டமானதாக இருந்தால் ஜிபிஎஸ் இருந்தும் குறுகிய நேர நிலைத்தன்மை மட்டமாகவே இருக்கும். விலை குறைந்தவற்றை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது.

சிலர் யு-பிளாக்ஸ் நியோ-எம்8 போன்ற ஜிபிஎஸ் தொகுதியின் துடிப்பு முனையிலிருந்து நேராக 10 மெகாஹெர்ட்ஸ் எடுக்கப் பார்க்கிறார்கள். அதன் உள் கடிகாரம் 48 மெகாஹெர்ட்ஸ்; அதை முழு எண்ணால் வகுத்து 10 வராது. வராததை அது துடிப்புகளை முன்பின் நகர்த்தி ஒப்பேற்றுவதால் வெளிவருவது நடுங்கும் அலை. 8 மெகாஹெர்ட்ஸ் கேட்டால் ஆறால் வகுத்துச் சுத்தமாகத் தரும். இந்தச் சிறிய உண்மை தெரியாமல் ஒரு வாரத்தை வீணாக்கியவன் நான்.

ஆண்டெனா வானத்தைப் பார்க்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் வேலை செய்யாது. வீட்டை ஒட்டிச் செம்பனை மட்டைகள் அடர்ந்திருந்தால், மழை நனைத்த இலைகளின் ஊடே சமிக்ஞை விட்டுவிட்டு வரும். ஜிபிஎஸ்ஸோடு இணைந்திருப்பதைக் காட்டும் பூட்டு விளக்கு அணைந்து அணைந்து எரியும் ஒவ்வொரு முறையும் அதிர்வெண் சற்றே குதிக்கும். கூரை முகட்டிலேயே ஆண்டெனாவை ஒட்டிவிட்டால் தகரமே ஆண்டெனாவுக்கு அடியில் நல்ல உலோகத் தளமாகவும் உதவும்.

ரிசீவரில் வெளிக்கடிகார நுழைவு இருந்தால் அதில் இணைத்து வேலையை முடித்துவிடலாம். கிவிஎஸ்டிஆர் போன்ற ரிசீவர் தன் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தன் கடிகாரத்தின் பிழையைத் தானே அளந்து திருத்திக்கொள்கிறது. அத்தகைய வசதி இல்லாத டாங்கிளில் உள் கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து 28.8 மெகாஹெர்ட்ஸ் கொடுக்க வேண்டும். பற்றவைக்கும் கை நடுங்காதவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கிறேன்.

ருபிடியம் கடிகாரம் (ஒரு வகை அணுக் கடிகாரம்)?

தாழ் அதிர்வெண் கேட்பதற்குத் தேவையில்லை. சூட்டையும் மின்சாரத்தையும் அது கேட்கிற அளவுக்கு இங்கே ஆதாயம் இல்லை.

ஜிபிஎஸ்டிஓ இல்லாமல் என் ரிசீவரைச் சரிபார்க்க வழி உண்டா?

உண்டு, அதுவும் இலவசமாக. அணுக் கடிகாரத்தோடு கட்டுண்ட நீள் அலை நிலையங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஜப்பானின் ஜேஜேஒய் (JJY) நேர நிலையம் ஃபுகுஷிமா பகுதியிலிருந்து 40 கிலோஹெர்ட்ஸிலும், சாகா, ஃபுகுவோகா எல்லை மலையிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸிலும் 50 கிலோவாட் ஆற்றலில் அனுப்புகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து இரண்டாவது ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர். முதலாவது இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் அதிகம். சீனாவின் பிபிசி (BPC) நேர நிலையம் ஹெனான் மாநிலத்தின் ஷாங்சியூவிலிருந்து 68.5 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. ஜேஜேஒய் ஒவ்வொரு விநாடியும் வீச்சைக் குறைத்துக் கூட்டினாலும் தாங்கு அலை (கேரியர்) முழுதாக அணைவதில்லை. ஆகவே இரவு பத்து மணிக்கு மேல், குறுகிய பட்டையகலத்தில், திரையில் மெல்லிய செங்குத்துக் கோடாக அது நிற்கும். அந்தக் கோடு வளைந்தால் வளைந்தது ஜப்பான் அல்ல, உங்கள் ரிசீவர்.

குறுகிய அலையில் 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் BPM, ஹவாயின் WWVH ஆகிய நேர நிலையங்களும் உண்டு. அங்கே அயனி மண்டலம் ஏறி இறங்குவதால் கோடு ஹெர்ட்ஸின் சில பின்னங்கள் தானாகவே அலையும். 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஹெர்ட்ஸ் தவறினால் 0.1 பிபிஎம், அது 137 கிலோஹெர்ட்ஸில் 0.014 ஹெர்ட்ஸுக்குச் சமம் என்பதால், முதல் திருத்தத்திற்கு இதுவும் போதுமானது. ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்திலுள்ள கடற்படை நிலையம் 19.8 கிலோஹெர்ட்ஸில் பகலிலும் பலமாக வருகிறது. அது அதிர்வெண்ணை இரண்டு நிலைகளுக்கிடையே மாற்றும் எம்எஸ்கே முறையில் அனுப்புவதால் தாங்கு அலைக் கோடு தெரியாது. சமிக்ஞையை வர்க்கப்படுத்தினால் (தன்னோடு தானே பெருக்கினால்) 39.5, 39.7 கிலோஹெர்ட்ஸில் இரண்டு கூரிய கோடுகள் எழும். கொஞ்சம் பழகிய பிறகு செய்து பார்க்கலாம்.

கணினியின் சவுண்ட் கார்டும் நகருமா?

நகரும், ஆனால் அஞ்சும் அளவுக்கு அல்ல. 50 பிபிஎம் பிழையுள்ள சவுண்ட் கார்டு 1500 ஹெர்ட்ஸ் தொனியை 0.075 ஹெர்ட்ஸ் தள்ளிக் காட்டும். அது மாறாத தள்ளலாக இருக்கும்வரை பாதகமில்லை. அலையின் கட்டத்தையே (ஃபேஸ்) பின்தொடரும் எப்நாட் (EbNaut) போன்ற முறைக்குப் போகும்போதுதான் இது உறுத்தும். அப்போது ஸ்பெக்ட்ரம் லேப் மென்பொருளில், ஜிபிஎஸ்ஸின் விநாடித் துடிப்பை ஸ்டீரியோ நுழைவின் இரண்டாம் தடத்தில் செலுத்தினால், சவுண்ட் கார்டின் உண்மையான மாதிரி வேகத்தை அதுவே அளந்து திருத்திவிடும். துடிப்பை மின்தடைகளால் சில மில்லிவோல்ட்டுக்குக் குறைத்த பிறகே செலுத்த வேண்டும். எஸ்டிஆரிலிருந்து கணினிக்குள்ளேயே மென்பொருள் வழியாக ஒலி போகிறது என்றால் சவுண்ட் கார்டின் கடிகாரத்திற்கு அங்கே வேலையே இல்லை.

கணினியின் நேரம்?

விஸ்பர் இரட்டைப்படை நிமிடம் தொடங்கி ஒரு விநாடி கழித்து ஆரம்பிக்கிறது. கணினிக் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். இணையம் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி போதும். இது அதிர்வெண் நகர்வோடு தொடர்பில்லாத வேறு விஷயம், ஆனால் ‘ஒன்றும் டிகோட் ஆகவில்லை’ என்று வருபவர்களில் பாதிப் பேரின் நோய் இதுவாகவே இருக்கிறது.

மாலை இடியின்போது கோடு உடைகிறதே, அதுவும் நகர்வா?

இல்லை. மின்னலின் இரைச்சல் ரிசீவரை ஒரு கணம் நிரப்பிவிடுகிறது. கோடு துண்டுபடும், ஆனால் அதே இடத்தில் தொடரும். திடீர் இரைச்சலைத் துண்டிக்கும் நாய்ஸ் பிளாங்கர் ஓரளவு உதவும். இடி நெருங்கினால் ஆண்டெனாவைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள், ஜிபிஎஸ் ஆண்டெனாவையும்தான். பொழுது சாயும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் அயனி மண்டலத்தின் எதிரொளிப்பு உயரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கும் 90 கிலோமீட்டருக்கும் இடையே மாறுவதால் சமிக்ஞையின் கட்டம் மெல்லத் திரும்பும். அது மில்லிஹெர்ட்ஸ் அளவிலான அசைவு, உங்கள் கருவியின் குறையல்ல.

திரையில் ஒரு கோடு ஊர்ந்துகொண்டே போகிறது. என் ரிசீவர் நகர்கிறதா, சமிக்ஞையே நகர்கிறதா?

ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகளைப் பாருங்கள். எல்லாம் ஒன்றாக, ஒரே அளவு வளைந்தால் குற்றம் ரிசீவரில். ஜேஜேஒய் நேராக நிற்க, ஒன்று மட்டும் ஊர்ந்தால் அது வெளியிலிருந்து வரும் குப்பை. எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், சூரியத் தகட்டின் இன்வெர்ட்டர் ஆகியவற்றின் சுவிட்சிங் மின்வழங்கிகள் பல பத்து கிலோஹெர்ட்ஸில் அலைகின்றன. அவற்றின் மடங்குகள் 137-இன் பக்கத்தில் வந்து விழும். கருவி சூடாகும்போது அவையும் நகரும் என்பதால் நம் ரிசீவரின் நகர்வுபோலவே தோற்றமளிக்கும். கடந்த தீபாவளிக்கு முந்தைய வாரம் தினமும் இரவு ஏழு மணிக்குத் தொடங்கி, முதல் அரை மணி நேரம் இடப்பக்கம் சரிந்து, பிறகு நேராகி, பதினோரு மணிக்குச் சட்டென்று மறையும் ஒரு கோடு என் திரையில் வந்தது. இரண்டு நாள் ஜிபிஎஸ்டிஓவைச் சந்தேகித்தேன். மூன்றாம் நாள் சிறிய டிரான்சிஸ்டர் வானொலியை நடு அலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். எதிர்வீட்டு வாசலில் தோரணமாகத் தொங்கிய வண்ண விளக்குச் சரத்தை நெருங்கியதும் அது இரைந்தது. ‘பண்டிகை முடிந்ததும் கழற்றிவிடுகிறேன் அண்ணே’ என்றார் அந்த வீட்டுத் தம்பி. கழற்றினார், கோடும் போனது.